எந்தக் கால், அம்மா?

குவீன்ஸ்டவுன்
12.6.1984

அன்புள்ள அம்மாவுக்கு உர்சுலா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

இங்கே ஆய்வுக்கூடத்தில் வீக்க மருந்தைப் பிளாஸ்டிக் மாதிரியான குட்டி உருண்டைகளுக்குள் வைத்து, கால் வீங்கிய எலிகளுக்கு ஊசி போடுகிறோம். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தினமும் எலியின் காலை அளப்பது என் வேலை. அதுகளுக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது. மனுஷருக்கு வர வருஷக்கணக்காகுமாம்.

சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் உங்களுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கப் போனேன். “அம்மாவுக்கு என்ன சைஸ் லா?” என்றார் கடைக்காரர், இந்த ஊர்ப் பாணியில். எலிக் கால் அளவை மில்லிமீட்டரில் சொல்கிறவள், உங்கள் கால் அளவு தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினேன்.

பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். பஸ் வந்துவிடும், முடிக்கிறேன்.

உங்கள் மகள்
உர்சுலா

பி.கு.: இரண்டு காலையும் வரையுங்கள், அம்மா. வீங்கியது எந்தக் கால் என்றுகூட எனக்கு நினைவில்லை.