வாய் நிறைய ஒரு ‘வாங்க’

ஏனுங்க,

எனக்குக் காய்ச்சல் நூத்தியொண்ணு காட்டுது. கீமோவுல வெள்ளணு கொறஞ்சு கெடக்கறப்ப காய்ச்சல் வந்தா உடனே வரணும்னு டாக்டர் சொன்னாரில்லீங்க. நீங்க தோட்டத்துல தண்ணி கட்டறீங்க, போன் இங்க சார்ஜ்ல கெடக்குது. பக்கத்து ஊட்டு இனியா கார் எடுத்துட்டா. நான் கெளம்பறேன்.

அரிசிம்பருப்பு சாதம் குக்கர்ல இருக்குது, சூடா சாப்பிடுங்க. சாவி மீட்டர் பொட்டி மேல.

ஞாயித்துக்கெழம நான் கத்துனத மனசுல வெச்சுக்காதீங்க. உங்க அக்கா சளியோட கருமத்தம்பட்டியில இருந்து பழம் வாங்கிட்டு வந்தாங்க. கேட்லயே நிக்க வெச்சுப் பேசியிருக்கலாம். நீங்க வாய் நெறைய "வாங்க, வாங்க"ன்னு என் கட்டில் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டீங்க. கேட்டதுக்கு, "ஊடு தேடி வந்தவங்கள வராதீங்கன்னு எப்படி அம்மணி சொல்றது?"ன்னீங்க.

அக்காகிட்ட காய்ச்சல்னு சொல்லிப்போடாதீங்க. ஆசையாத்தான் வந்தாங்க, பாவம்.

காயிதத்துல எடமில்ல, ஓரத்துல எழுதறேன். காத்தால நீங்க தலகாணியில மூஞ்சியப் பொதச்சுட்டு இருமுனது எனக்குக் கேட்டுச்சுங்க. உங்க வாயில வராத வார்த்தைய நானே சொல்லிப்போடறேன்.

ஆஸ்பத்திரிக்கு வராதீங்க.