துளி இளைக்காத சுவர்

மார்ச் 3, செவ்வாய்
காலையில் மூன்று ரப்பர் சிப் வார்த்தேன். சிலிக்கோன் கலவையை ஊற்றி, குமிழி போக்கி, சூடேற்றி உரித்தால் முடியளவு வாய்க்கால்கள் பதிந்திருக்கும். ஆறு வருடப் பழக்கம். கை தானாகச் செய்கிறது. பச்சிளங்குழந்தையின் ரத்த மாதிரியை எண்ணெய்க்குள் ஆயிரக்கணக்கான துளிகளாகப் பிரிக்கும் சிப் இது. கிருமி உள்ள துளி சில மணி நேரத்தில் ஒளிரும். இப்போது மருத்துவமனையில் முடிவுக்கு இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி அங்கே குழந்தைகள் வார்டில் சோதனை ஓட்டம்.

மார்ச் 5, வியாழன்
நாத்தனார் அந்த மருத்துவமனை லேபில்தான் டெக்னீஷியன். ஒரு சிப் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.
"அண்ணி, காலைல குண்டு குண்டா இருந்த துளியெல்லாம் சாயங்காலம் பாதியா இளைச்சுப்போச்சு. என்ன பத்தியம் வச்சீங்க?"
சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ரப்பர் வழியாக நீராவி போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் லேபில் ஈரம் குறையாத பெட்டிக்குள், ஈரப்பெட்டிக்குள், வைத்து ஓட்டுவேன். அவளிடம் அது இல்லை. ஏன் யோசிக்கவில்லை?

மார்ச் 6
காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு என் ரப்பர்.

மார்ச் 9, திங்கள்
எங்கள் மேலாளருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். போட்டிருப்பதும் கண்ணாடி, எதற்கும் சொல்வதும் கண்ணாடி.
"கண்ணாடிலயே செஞ்சிடலாமே. ஆவியும் போகாது, எண்ணெயும் ஊறாது."
உண்மைதான். ஆனால் கண்ணாடிச் சுவரில் தண்ணீர் ஒட்டிப் படர்ந்துவிடும், துளியாக நிற்காது. ஒவ்வொரு சிப்புக்கும் உள்ளே பூச்சு வேண்டும்.
"வாரம் நூறு சிப், சார். பூச்சு பூசியே எனக்கு வயசாயிடும்."
"எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சும்மா."

மார்ச் 12, வியாழன்
எங்களுக்கு அச்சு செய்து தரும் பட்டறைக்காரர் சிப்பை அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வெட்டித் தந்தார். பளிங்கு மாதிரி இருந்தது. நாத்தனார் வார்டு வழக்கப்படி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள் — நரம்பு நரம்பாக விரிசல். போதும்டா சாமி. ரப்பரையே குடுத்துடறேன், ஈரப்பெட்டியை அவங்களே வாங்கிக்கட்டும்!
கோபத்தில் இங்கே எழுதிவிட்டேன். மனசு ஒப்பவில்லை.

மார்ச் 16, திங்கள்
விரிசல் விட்ட சிப்பைப் பட்டறைக்காரரிடம் காட்டினேன்.
"மருந்துக் குப்பி செய்யற பிளாஸ்டிக் ஒண்ணு இருக்கும்மா. ஸ்பிரிட்டுக்கு அசையாது. சூட்டுல அழுத்தினா உங்க வாய்க்கால் அப்படியே பதியும்."
அதில் தண்ணீர் ஒட்டாது, ஆவியும் லேசில் போகாது. அவர் முன்பே சொல்லியிருக்கலாம். நான் முன்பே கேட்டிருக்கலாம்.

மார்ச் 18, புதன்
புதுப் பிளாஸ்டிக்கில் வாய்க்காலுக்கு மேல் மூடியை ஒட்டும்போது சூடு கொஞ்சம் கூடினாலும் வாய்க்கால் அமுங்கிவிடுகிறது. பதினொன்று பாழ். பன்னிரண்டாவது நின்றது. நுண்ணோக்கியில் குனிந்த பட்டறைக்காரர் நிமிரவே இல்லை. "எறும்பு பள்ளிக்கூடம் போற மாதிரி போகுதே!"

மார்ச் 20
எட்டு மணி நேரம் சூட்டில் இருந்தும் துளி சுருங்கவில்லை. கண்ணாடிக்காரர் தானே அளந்து பார்த்தார். "சரி, கண்ணாடி என் மூக்குலயே இருக்கட்டும்."

மார்ச் 28, சனி
வார்டு நர்ஸம்மாவால் தனியாக ஓட்ட முடிகிறதா என்பதும் சோதனை. அதனால் காலையில் நான் போகக் கூடாதாம். மதியம் பொறுக்கவில்லை. உதிரிச் சிப், ஊசி, எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு செருப்பு மாட்டும்போது நாத்தனாரின் போன்.
"எட்டு குழந்தைக்குப் போட்டாச்சு அண்ணி. ஒண்ணுக்கு ஒளிருது. டாக்டர் மருந்து ஆரம்பிச்சுட்டாரு."
"நான் கிளம்பிட்டேன்..."
"எதுக்கு? நர்ஸம்மா அடுத்த செட்டே போட்டுட்டு இருக்காங்க."
செருப்பைக் கழற்றினேன். இவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "போகலையா?"
"நான் தேவைப்படலையாம்."
இவ்வளவு சந்தோஷமாக அதைச் சொல்வேன் என்று நினைக்கவில்லை.