படியூர்க் கொலையை எழுதியவள்

என் கண்ணான அக்கா,

நீ இல்லாமல் வந்த முதல் தைப்பூசம் இது. சிவன்மலைத் தேருக்குப் போகிற வழியில் பஸ் படியூரில் நின்றது. ஒரு காலத்தில் இங்கே நீலக்கல் தோண்டினார்கள் என்று நீ ஜன்னல் வழியாகக் காட்டுவாயே, அந்தக் காட்டில் இப்போது சோளம் நிற்கிறது.

யவன வியாபாரி ஒருவன் நொய்யல் கரையில் செத்துக் கிடக்கிறான். அவன் கல் மூட்டையைக் காணோம். உன் முதல் தொடர்கதை அப்படித்தானே தொடங்கியது? பகலெல்லாம் பனியன் கம்பெனியில் பெட்டி அடுக்கிவிட்டு, உலை கொதிப்பதற்குள் எழுதுவாய். "பொம்பளை கொலைக்கதை எழுதறதா?" என்று உன் மாமனார் சத்தம் போட்டதால், பத்திரிகையில் உன் பெயருக்குப் பதில் உன் வீட்டுக்காரர், மாமாவின் பெயர் வந்தது.

டீ நேரத்தில் கம்பெனிப் பெண்கள், "படகுக்காரன்தானுங்க கொன்னிருப்பான்", "இல்லீங்கக்கா, காவக்காரன்" என்று சண்டை போடுவார்கள். நீ ஒன்றும் தெரியாதவள்போல் டீயை ஊதிக்கொண்டிருப்பாய். எப்படியக்கா சிரிப்பை அடக்கினாய்?

கதை முடிந்ததும் நம்ம ஊர் ராயபுரத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மாலையும் கழுத்துமாக மாமா மேடையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க, அந்த யவனனுக்குச் சோறாக்கிப் போட்ட புள்ள எதுக்குங்க அவனைக் கொல்லோணும்? எனக்கு மனசே ஆறலீங்க."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். கதையை ஒரு வரிகூடப் படிக்காதவர் என்ன சொல்வார்? முன்வரிசையில் உன் மாமனார். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ எழுந்துவிட்டாய்.

"அவ தம்பி கல்லுக்குழியில மண்ணு சரிஞ்சு செத்தானுங்க. பொணத்தை எடுக்க உடாம, மொதல்ல கல்லை எடுங்கன்னான் அந்த வியாபாரி. அதுக்குத்தானுங்க."

"அது கதையில இல்லியே! உனக்கெப்படி அம்மிணி தெரியும்?"

"எழுதுனது நானுங்க. அந்தப் பக்கத்தைப் பத்திரிகையில போடலீங்க."

மாமா மாலையைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். நேராக வந்து அதை உன் கையில் கொடுத்தார். "எம் பொண்டாட்டி எழுதுனதுதானுங்க. நான் படிச்சதுகூட இல்லீங்க." கூட்டம் சிரித்துக் கைதட்டியது. உன் மாமனார் எழுந்து போனார். வெகுநாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த தொடர் உன் பெயரில் வந்தது.

இப்போது மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு உன் கதைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். நீ பாதியில் விட்டுப்போன கடைசிக் கதைக்கு நேற்று வந்து சேர்ந்தார்.

"தளபதியைக் கொன்னது யாரு கண்ணு? உங்கிட்டயாவது சொன்னாளா?"

"இல்லீங் மாமா."

"எங்கிட்டச் சொல்ல வந்தா. அச்சுல வரட்டும், படிச்சுக்கறேன்னுட்டேன்."

வேறொருவரை வைத்து முடித்துத் தருவதாகப் பத்திரிகையிலிருந்து கேட்கிறார்கள். விடமாட்டேன் அக்கா. உன் பேனா நின்ற வரியோடுதான் அந்தப் புத்தகம் வரும். அதற்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை விதமாகச் சண்டை போட்டாலும் போடட்டும்.

உன் முந்தானையை இழுத்தும் உன்னை உட்கார வைக்க முடியாத
உன் தங்கச்சி