கித்துல் பாணி குடித்த நட்டு

சரோனோட அப்பாவுக்கு,

நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். தொட்டுக்க இனிப்புப் பாணி தேடாதீங்க. அத நேத்து நீங்க திரீவீல் சில்லுக்கு ஊட்டிட்டீங்க.

துருப்பிடிச்ச நட்டக் கழட்ட, பழைய எஞ்சின் எண்ணெய்னு நெனச்சு கித்துல் பாணிய ஊத்துன மனுசன் இந்தத் தோட்டத்துல நீங்க ஒருத்தர்தான். ரெண்டும் சாராயப் போத்தல்ல இருந்துச்சாம். அந்தப் போத்தல்கள காலி பண்ணது யாருன்னு நான் கேக்கல. ராத்திரியே எறும்பெல்லாம் அங்க பெருநாள் கொண்டாடுச்சு.

கோவத்துல நான் நேத்தே எங்க ரெஜினோல்ட் அண்ணனுக்குப் போன்ல கோல் எடுத்துட்டேன். பகலைக்கு வந்து கழட்டித் தாரேன்னாரு. "ஒங்கண்ணன் கை வச்சா வண்டிய வித்துருவேன்"னு நீங்க கத்துனது லயத்து வீடெல்லாம் கேட்டுச்சு. படுத்த பொறகு யோசிச்சேன். அவரு கழட்டுனா, நத்தாருக்கு நத்தார் கேக் திங்கும்போது அதையே சொல்லிச் சிரிப்பாரு.

அதனால விடியமுன்ன எழும்பி, சுடுதண்ணி ஊத்திப் பாணியக் கழுவி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவச்சேன். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து, ஸ்பேனர்ல நீளப் பைப்ப மாட்டி, அதுமேல ஏறி நின்னேன். கழண்டுருச்சு. திரும்பக் கையாலதான் முடுக்கி வச்சிருக்கேன். அண்ணன் வந்ததும் அவரு முன்னால நீங்களே கழட்டுங்க. ஒரேயடியாக் கழட்டிறாதீங்க, கொஞ்சம் மூச்சு வாங்குங்க.

ஹில்டா

அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, சில்லு தனியா ஓடிரும்.

சீட்ட அடுப்புல போட்ருங்க. அண்ணனுக்கு வாசிக்கத் தெரியும்.