நான் அழித்த உன் புள்ளி

இன்று காலை ஸ்பிரிட் பஞ்சின் உறையைப் பிரித்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "சீக்கிரம் குத்துடி, ரொட்டி சானாய் ஆறிடும் லா" என்று நாற்காலியில் சாய்வாயே, அந்த நீ.

நம் ஷா ஆலம் ஆய்வகத்தில் அப்படியொரு வழக்கம். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். கொடுப்பவருக்குப் பசியாறல் இலவசம். காப்பாரிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கும் நீதான் முதலில் கை நீட்டுவாய்.

வெள்ளணுக்களின் மேற்பரப்பில் கிருமியை உணரும் ஏற்பிகளை அளப்பது நம் வேலை. கிருமி வந்தால் அவை பெருகும், உடம்பில் சூடும் வீக்கமுமாக அழற்சி கிளம்பும், பிறகு அடங்கும். உன் ரத்தத்தில் மட்டும் கிருமி எதுவும் இல்லாமலே பெருகி நின்றன. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் உன்னைத்தான் திட்டினேன்.

"குழாய ஐஸ்ல வைக்காம எங்கடி போன?"

"வச்சேன்டி! யாரும் தட்டாமலே என் செல்லுங்க ஓடிப்போய்க் கதவத் திறக்குது, எங்க பக்கத்து வீட்டு ஆன்டி மாதிரி."

விழுந்து விழுந்து சிரித்தோம். வரைபடத்தில் தனியாக உயரத்தில் நின்ற உன் புள்ளியைப் பிழை என்று குறித்து அழித்தேன். விரல் மூட்டு வலிக்கிறது என்றாய். "அவ்ளோ தூரம் மோட்டார் ஓட்டினா வலிக்காம என்ன செய்யும்?" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடம்பே உடம்பைத் தாக்கும் லூப்பஸ் நோய் என்று தெரிவதற்குள் உன் வெள்ளணுக்களே உன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டிருந்தன. மருத்துவமனைக் கட்டிலருகே அந்தப் புள்ளியைச் சொல்லி அழுதேன். வீங்கிய கையால் என் கையைத் தட்டினாய்.

"நானும்தானே பார்த்தேன்? ரெண்டு பேரும் சேர்ந்துதானே சிரிச்சோம். விடு லா."

நீ விட்டுவிட்டாய். எனக்குத்தான் நீ போன பிறகும் முடியவில்லை.

இன்று ரத்தம் கொடுத்தவர், தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அண்ணன். மாலையில் அவருடைய புள்ளி உயரத்தில் நின்றது. நான் அழிக்கவில்லை. நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதா? மறைக்காம சொல்லுங்க."

"கொஞ்ச நாளா மூட்டு வலிம்மா. வேலை ஜாஸ்தி, அதான்."

"இருக்கலாம். ஆனா நாளைக்கு டாக்டரப் பார்க்கணும். நானும் கூட வரேன்."

அவர் சரி என்று தலையாட்டினார். அந்த ஒரு கேள்வியை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், அடியே. இனி ரத்தம் கொடுக்கும் எல்லாரிடமும் கேட்பேன்.