மாடியில் நிற்கும் ஐந்து குழாய்

செப். 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை இல்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் நீடாமங்கலம் வரை வந்து என் கடையில் ஐந்து எச்.பி. மோட்டார் வாங்கிப் போனார். ரேடியோவில் விளம்பரம் கேட்டாராம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். படவில்லை.

ரேடியோ என்பது என் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கும் சமுதாய வானொலி. சுற்று வட்டாரத்துக்கு மட்டும். விளம்பரம் கேட்டு வந்தபோது பொறுப்பாளர் குணசேகரனே சொன்னது: "மன்னார்குடி தாண்டாதுங்க." இப்போது பூண்டி வரை எப்படி?

"தெளிவா கேக்குதா?" என்றேன்.

"பக்கத்து வீட்ல பேசுற மாதிரி இருக்குங்க. முறைத்தண்ணி எந்த வாய்க்காலுக்கு என்னைக்குத் திறக்குறாங்கன்னு சொல்றாங்கள்ல, அதுக்காகத்தான் வைக்கிறது. நடுவுல ஒங்க மோட்டாரும் வருது."

பேசியதற்கு மேல் ஒருவன் தந்தால் எனக்குச் சோறு இறங்காது. முப்பது வருஷம் குழாய் விற்ற புத்தி.

செய்ய: சாக்கெட் ஆர்டர். மனைவி மேரிக்கு பி.பி. மாத்திரை. மாடியைப் பார்க்க.

செப். 10, புதன்

மாடிக்கான சப்-மீட்டரின் சிவப்பு விளக்கு முன்பெல்லாம் நிதானமாகச் சிமிட்டும். இன்று படபடவென்று. ஸ்டேஷன் அறை பூட்டு. உள்ளே ஃபேன் சத்தம், ஒன்றல்ல.

மதியம் எதிர் டீக்கடை முன் ஒரு வெள்ளை ஜீப். இரண்டு பேர். கையில் ஒரு பெட்டி, மீன்முள் மாதிரி ஒரு கம்பி. என் கட்டடத்தைப் பார்த்தார்கள், எழுதினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஜி.எஸ்.டி. என்று நினைத்து பில் புத்தகத்தை எடுத்து மேலே வைத்தேன். கடைக்குள் வரவே இல்லை. வந்திருந்தால் நிம்மதி. டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். டீக்கடைக்காரர்: "ஒங்க மாடி எத்தனை அடின்னு கேட்டாங்கண்ணே." எனக்கென்னவோ குணசேகரன் போலவே இவரும் முழுசாகச் சொல்லவில்லை என்று படுகிறது.

செப். 11, வியாழன்

பீரோவிலிருந்து மாடி ஒப்பந்தத்தை எடுத்தேன். கூடவே கட்டட உரிமையாளர் உறுதிமொழி என்று ஒரு தாள். மாடியில் நிற்கும் ரேடியோ ஆன்டெனா கம்பம் தரையிலிருந்து முப்பது மீட்டருக்கு மிகாது. கீழே என் கையெழுத்து. கல்லாவில் கூட்டம் நின்ற நாள். படிக்காமல் போட்டிருக்கிறேன். பத்து ரூபாய் வாஷருக்கு பில் பார்க்கிறவன்.

கம்பத்துக்குக் குழாய் கொடுத்ததும் நான்தான். ஐந்து, ஒவ்வொன்றும் இருபது அடி. நூறு அடி. ஏறக்குறைய முப்பது மீட்டர்தானே என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அப்புறம் மாடியே முப்பத்திரண்டு அடி என்பது நினைவுக்கு வந்தது.

கம்பத்தை நிறுத்தியது போர் போடும் மாரிமுத்து. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்கேருந்துடா அளந்தே?"

"நின்ன எடத்துலேருந்துதாண்ணே. போர் போட்டா குழி வாயிலேருந்துதானே கணக்கு? இதுக்கும் அப்படித்தான், மேலே பாத்து."

"கம்பம் தரையிலயா நிக்குது?"

"அது மாடியில நிக்குது." யோசித்தான். "ஆமால்ல."

இவன் சொல்வது நிஜம். பொய் சொன்னால் இவனுக்கு வாய் குழறும். சரி, உயரம் தவறு. கரண்ட் மீட்டர் படபடவென்று ஓடுவது எதனால்?

செப். 12, வெள்ளி

நாள் முழுக்க கல்லாவில் ரேடியோ. கா. 7: முறைத்தண்ணி. 7.20: என் விளம்பரம். 7.40: பூண்டியில் இருக்கும் ஒரு மோட்டார் கடை. மறுபடி 12.10, அதே கடை. என் மாடியில் ஏறி, எனக்கு எதிராக.

மேரி: "நல்லா சிரிக்கிற மாதிரி வெளம்பரம் பண்ணிருக்காங்கங்க." அது வேறு.

செப். 13, சனி

வெயில் குறையவில்லை. குணசேகரன் வந்ததும் கூடவே மாடி ஏறினேன். அறையில் ஒலிபரப்புகிற பழைய பெட்டி ஒன்று, பக்கத்தில் புதுசாகப் பெரிய பெட்டி ஒன்று.

"இது எத்தனை வாட்?"

"அண்ணே, கடைமடை ஜனங்க கெஞ்சுனாங்க. தண்ணி வர்ற நாள் தெரியாம வரப்புலயே காத்துக் கெடக்கோம்னாங்க."

"பூண்டி மோட்டார் கடையும் வரப்புல கெடந்து கெஞ்சுச்சா?"

சிரித்தார். நான் சிரிக்காததால் நிறுத்தினார். அனுமதி ஐம்பது வாட்டுக்கு. பெரிய பெட்டி ஐந்நூறு.

அப்புறம்தான் மேஜை டிராயரைத் திறந்தார். நேற்று முன்தினமே வயர்லெஸ் கண்காணிப்பு ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸ். வேறொரு ஸ்டேஷனில் இரைச்சல் என்று புகார். ஜீப்பில் வந்தவர்கள் அளந்தாயிற்று. செவ்வாய் நேரில் வருகிறார்கள். மீறல் இருந்தால் இடம் சீல்.

இடம் என்றால்? மாடிக்கும் கடைக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே கதவு எண். சம்பா நேரத்தில் ஷட்டர் இறங்கினால் இந்த வருஷமே போச்சு.

"ஒரு வருஷத்துக்கு ஒங்க வெளம்பரம் ஃப்ரீ. வீட்டுக்காரர்ங்கிற முறையில ஆபீசர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

மனசுக்குள் கணக்குப் போட்டேன், மறைப்பானேன். இந்த வாரம் பூண்டிப் பக்கம் மட்டும் ஏழு மோட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

மேரியிடம் சொன்னேன். "அவருக்காகப் போய் நின்னு பொய் சொல்லுவீங்களா?"

"மாட்டேன். அளந்துட்டாங்க."

"அளக்காட்டி?"

மாடி ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பிரித்தேன். பெட்டியை நிறுத்தினால் பூண்டிக்காரர்களுக்குத் தண்ணி விஷயம் யார் சொல்வது என்றும் கேட்டாள்.

செப். 14, ஞாயிறு

பூசை முடிந்து நேராக மாடி. குணசேகரன், மாரிமுத்து, நான். லேசான தூறல். கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி வழுக்கும் என்று மாரிமுத்து முனகினான்.

பேசி முடித்தது:

பெரிய பெட்டி இன்றே கழற்றி என் கண் முன்னால் வண்டியில் ஏற வேண்டும். ஏறியது.

இரண்டு குழாய் நாளை மாலைக்குள் இறங்கும். மிச்சம் மூன்று, மாடியோடு சேர்த்துத் தொண்ணூற்றிரண்டு அடி. நானே டேப் பிடிப்பேன்.

நடந்ததை நடந்தபடி குணசேகரன் எழுதிக் கொடுப்பார்: உயரம் தவறு, வாட் தெரிந்தே. அளக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் தனியாக எழுதுவேன். அபராதம் ஸ்டேஷன் தலையில்.

ஃப்ரீ விளம்பரம் வேண்டாம். மாடிச் சாவி ஒன்று இனி என்னிடம். வாடகை பழையபடி நாலாயிரத்து ஐந்நூறு.

இறக்கு கூலி ஆறாயிரம். பாதி நான் தருகிறேன் என்றதும் குணசேகரன் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க ஏண்ணே தரணும்?"

"கையெழுத்து என்னுது."

அவர் மூவாயிரம், நான் மூவாயிரம்.