ஓடைப் பள்ளத்துச் சீட்டி

12.6.83, காவலூர்
மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது ஓடைப் பள்ளத்தில் கேட்டேன். சீகாரப் பூங்குருவி. வால்பாறை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தபோது தினமும் என்னை எழுப்பிய குரல். ஆள் சீட்டியடிப்பது போலவே இருக்கும். இன்றும் நடக்கும்போது அந்த மெட்டைத்தான் அடித்துக்கொண்டு போவேன். முடிவில் என் நாய் டைகரைக் கூப்பிட வெடுக்கென்று இரண்டு வெட்டுச் சீட்டி. பறவைதான் கண்ணில் படவில்லை. இந்த மலையில் பார்த்ததாக பறவை பார்ப்பவர்களுக்கென்று வரும் நம் பறவை மடல் பத்திரிகையில் யாரும் எழுதியதில்லை.

16.6.83
இன்றும் குரல் மட்டும்.

19.6.83
மடலுக்குக் குறிப்பு எழுதினேன். குரலை மட்டும் கேட்டதென்றால் போடமாட்டார்கள். "கண்டேன்" என்று எழுதிவிட்டேன். கருநீல உடம்பு, தோளில் பளிச்சென்று நீலம் — வால்பாறையில் பார்த்ததுதானே? மனைவி அம்சவல்லிக்கு வாசித்துக் காட்டினேன்.

"கேட்டேன்னுதான வூட்ல வந்து சொன்னீங்க?" என்றாள்.

சிரித்து மழுப்பினேன். தபாலில் போட்டாயிற்று.

18.9.83
மடல் வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர். எத்தனை வருஷம், எத்தனை குறிப்பு அனுப்பியும் முதல் பக்கத்தில் வந்தது இது ஒன்றுதான். மடல் ஆசிரியர் தாண்டவராயன் நேரில் பார்க்க வருகிறாராம்.

9.10.83


தாண்டவராயனும் நண்பர்கள் இருவரும் வந்தார்கள். ஓடைக்கு அழைத்துப் போனேன். புங்கமரத்திலிருந்து சீட்டி வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மெட்டு முடிந்தது — உடனே இரண்டு வெட்டுச் சீட்டி. என் காலடியில் கிடந்த டைகர் பாய்ந்து போய் மரத்தடியில் வாலாட்டிக்கொண்டு நின்றது.

கிளையில் துடுப்புவால் கரிச்சான். கேட்ட குரலையெல்லாம் திருப்பியடிக்கும் குருவி. என்னிடம் கற்றதை எனக்கே அடித்திருக்கிறது. பறவை பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று இன்னாத்தைப் பார்த்தேன் நான்?

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. அவர் பைனாகுலரை இறக்கினார். "தோள்ல நீலம்னு எழுதியிருந்தீங்களே, அது எங்க பார்த்தது?"

"வால்பாறையில, சார்."

பஸ் ஏறும்போதுதான் கேட்டார்: "அப்போ இதுவரைக்கும் நீங்க அனுப்பினதையெல்லாம் நான் என்ன பண்றது?"

அதெல்லாம் கண்ணால் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

10.10.83
திருத்தம் அனுப்பினேன். "நான் பறவையைக் காணவில்லை. கேட்டது என் சீட்டியை." இதை எழுத ஒரு பகல் போயிற்று.

20.11.83
சீட்டியடிப்பதை விட்டுவிட்டேன். கரிச்சான் விடவில்லை. டைகர் இன்னும் அதனிடம் ஓடுகிறது.

8.1.84
மடலில் என் திருத்தம் வந்திருக்கிறது. கீழே ஆசிரியர் குறிப்பு: இனி இவர் அனுப்புபவை, உடன் பார்த்தவர் பெயர் இருந்தால் மட்டுமே ஏற்கப்படும். நியாயம்தான்.

22.1.84
அம்சவல்லியை ஓடைக்கு அழைத்துப் போனேன். "எனக்கு இன்னா தெரியும் குருவியப் பத்தி?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள்தான் முதலில் பார்த்தாள். மருதமரத்தில் பெரிய ஆந்தை.

"காது மாதிரி நிக்குது. கண்ணு மஞ்சள். காலு எலைக்குள்ள இருக்குதுங்க, தெரியல."

காலில் இறகு இல்லையென்றால் மீன் ஆந்தை, இருந்தால் வேறு ஆந்தை. மீன் ஆந்தைதான், எனக்குத் தெரியும். மடலுக்கு எழுதியது இவ்வளவுதான்: பார்த்தவர், அம்சவல்லி. உடனிருந்தவர், நான். பெரிய ஆந்தை. கால் தெரியவில்லை.